இன்னும் இருபது பக்கம்

தாயி,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டது சின்னக் கேள்விதான். "அப்பா, அங்க கொண்டு போற பெட்டிக்கு எடைக்கட்டுப்பாடு இருக்கு. துணிமணி, மருந்தெல்லாம் போக நாலு புஸ்தகத்துக்குத்தான் எடம். உங்க டிரங்குப் பெட்டியில இருந்து எந்த நாலுன்னு நீங்களே சொல்லுங்க" என்றாய். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். நாலு பெயரை ஒரு தாளில் எழுதி அனுப்பியிருந்தால் அன்றைக்கே வேலை முடிந்திருக்கும். ஆனால் பேனாவை எடுத்து உட்கார்ந்தவன் ஐந்து நாளாக எழுதிக்கொண்டே இருக்கிறேன். பூமியின் தென்கோடியில், பனியைத் தவிர வேறொன்றும் இல்லாத இடத்தில் பதினான்கு மாதம் இருக்கப்போகிற மகளுக்கு எந்தக் கதையைக் கொடுத்து அனுப்புவது என்று யோசித்தால், எனக்கும் இந்தக் கதைகளுக்கும் உள்ள உறவு முழுவதையும் சொல்லாமல் முடியாது போலிருக்கிறது. அதில் பாதி உனக்குத் தெரியும். தெரியாத பாதியையும் இந்தக் கடிதத்திலேயே எழுதிவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். அவசரப்படாமல் படி. இடையில் எழுந்து போனாலும் திரும்பி வந்து கடைசிவரை படித்துவிடு.

நான் படிப்பாளி இல்லை. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தவன். சிலமலையில் விடியும் முன்பே பதினெட்டுப் பெண்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு, போடிமெட்டு வளைவுகளில் ஏறி, செக்போஸ்ட்டைத் தாண்டி ஏலத்தோட்டத்தில் கொண்டுபோய் இறக்குவேன். எட்டு மணிக்கு இறக்கினால் சாயங்காலம் நாலு மணிக்கு அவர்களை ஏற்றும்வரை எனக்குச் சோலி கிடையாது. மற்ற டிரைவர்கள் சீட்டு விளையாடுவார்கள், இல்லாவிட்டால் சீட்டைச் சாய்த்துப் போட்டுத் தூங்குவார்கள். எனக்கு இரண்டும் வராது. போடியில் பழைய பேப்பர் கடைக்கு ஒரு லோடு அட்டைப் பெட்டி ஏற்றிப் போனபோது, மேலட்டையில் ராக்கெட் படம் போட்ட ஒரு புத்தகம் காலடியில் கிடந்தது. முதல் பன்னிரண்டு பக்கம் இல்லை. அதனால் அந்தக் கதையில் யார் எதற்காக வானத்துக்குப் போனார்கள் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் பதின்மூன்றாம் பக்கத்தில் ஒரு ஆள் சன்னல் வழியாகப் பூமியைப் பார்த்து, "அதோ அங்கேதான் நான் செருப்பைத் தொலைத்தேன்" என்று சொல்வான். மெட்டு உச்சியில் நின்று கீழே போடியைப் பார்த்துக்கொண்டே அதைப் படித்தேன். அன்றைக்குப் பிடித்த பைத்தியம். பிறகு அந்தக் கடைக்காரரே எனக்காக எடுத்து வைக்க ஆரம்பித்தார். ஜீப்பைப் பார்த்ததும், "அண்ணே, ரெண்டு ராக்கெட்டு வந்திருக்கு, நிப்பாட்டுங்க" என்று கை காட்டுவார்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் மாமாவுக்கும் இதே பைத்தியம் என்பது தற்செயலாகத்தான் தெரிந்தது. அவர் மலையாளத்தில் படிப்பவர், நான் தமிழில். அவர் எழுத்து எனக்குத் தெரியாது, என் எழுத்து அவருக்குத் தெரியாது. அதனால் படித்த கதையை ஒருவருக்கொருவர் வாயால் சொல்லிக்கொள்வது என்று ஆயிற்று. மதியச் சோற்றுக்கு அப்புறம் மருந்து அறை வாசலுக்கு வந்து, "எந்தா டிரைவறே, இன்னு ஏது கிரகத்துக்குப் போறது?" என்று கேட்பார். கடலுக்கு அடியில் முளைத்த ஒரு காட்டைப் பற்றி அவர் ஒன்பது நாள் சொன்ன கதைதான் நான் கேட்டதிலேயே சிறந்தது. கடைசியில் அந்தக் காடு மனிதர்களை மன்னித்து வழி விடும். அதை எத்தனையோ பேரிடம் நான் சொல்லியிருக்கிறேன். பல வருடம் கழித்து ஒருநாள் பேச்சுவாக்கில், "அது ஞான் மாத்தினதானு. புஸ்தகத்தில் எல்லாரும் முங்கிச் சாகும். உன்னோட மொகத்தப் பாத்தப்போ சொல்ல மனசு வரல" என்றார். எனக்குக் கோபம் வந்தது. எழுதியவன் எழுதியதைச் சொல்லாமல் இனிப்புத் தடவிக் கொடுக்க இவர் யார் என்று ஒரு வாரம் பேசவில்லை. அப்படிக் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை இருந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். முதலில் வேண்டாதவை. இயந்திர மனிதன் கடைசிப் பக்கத்தில் கண்ணீர் விடும் நாவல்கள் என் பெட்டியில் ஏழு இருக்கின்றன. ஒன்றையும் தொடாதே. எழுதியவர்கள் ஒருத்தரும் கிளட்ச் பிளேட் மாற்றிப் பார்த்தவர்கள் இல்லை. இயந்திரத்தோடு முப்பத்தைந்து வருடம் வாழ்ந்தவன் சொல்கிறேன், அதனிடம் நமக்குப் பிரியம் வரலாம், அது நம்மிடம் பிரியமாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நம் பேராசை. அடுத்தது, விஞ்ஞானி தன் உதவியாளருக்கு இருபது பக்கம் பாடம் நடத்தும் நாவல்கள். அந்த உதவியாளர் பத்து வருடமாக அங்கேதான் வேலை பார்க்கிறார். அவருக்குத் தெரியாததா? வாசகனுக்குச் சொல்ல வேண்டியதை வேறு ஆள் காதில் ஓதுகிறார்கள். இன்னொரு வகை, உலகம் அழிந்துவிட்டது என்று ஆரம்பிப்பவை. உலகம் என்பார்கள், நாலு பெரிய நகரம்தான் அழிந்திருக்கும். நம் பக்கத்துத் தேவாரம் ஊர் என்ன ஆயிற்று, அங்கே தக்காளிக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவன் என்ன ஆனான் என்று ஒருத்தரும் எழுத மாட்டார்கள்.

இந்தக் குறைகளை எல்லாம் கண்டுபிடிக்க எனக்குச் சொல்லிக் கொடுத்தவள் உன் அம்மா. ஆம், உன் அம்மாதான். அவளுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். தோட்டத்திலிருந்து இறங்கும்போது ஜீப்பில் என் பக்கத்துச் சீட்டில் அவள் இருப்பாள். ஏலக்காய் எடுத்த கறை கையில் அப்படியே இருக்கும், அன்றைக்குப் படித்ததைக் கேட்பாள். பின்னால் இருக்கும் பெண்கள், "ஏய், சத்தமாச் சொல்லச் சொல்லுடி, எங்களுக்கும் கேக்கட்டும்" என்பார்கள். ஒருமுறை அறுபது பேர் இருபது வருடம் ஒரே கப்பலில் நட்சத்திரத்துக்குப் போகிற கதையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே வந்தவள் நாலாவது வளைவில், "ஏங்க, அந்தக் கப்பல்ல சோறு யாரு பொங்குறா?" என்றாள். மாத்திரை சாப்பிடுவார்கள் என்றேன். "மாத்திரையில வயிறு நெறையும். வாயி?" என்றாள். பின்னால் ஒரே சிரிப்பு. அவள் விடவில்லை. "இருபது வருசம் போறாங்கங்கிறீங்க. பொம்பளைகளும் இருக்காங்க. ஒருத்திக்குக்கூடவா வாந்தி மயக்கம் வரல? ஒருத்திக்குக்கூடவா அவ ஆத்தா நெனப்பு வரல? எழுதுனவரு வீட்ட விட்டு வெளியூரு போனதே இல்லபோல" என்றாள். அப்போது நீ அவள் வயிற்றில் நாலு மாதம்.

அன்றிலிருந்து எந்தக் கப்பல் கதையைத் திறந்தாலும் நான் முதலில் சமையல்கட்டைத் தேடுகிறேன். அது இல்லாத கப்பலில் ஏற மாட்டேன். அந்தக் கணக்கில் தேறியதுதான் உனக்கான முதல் புத்தகம், நிலவில் குடியேறியவர்கள் ஒரே ஒரு தண்ணீர்க் குழாய்க்கு வரிசையில் நிற்கும் நாவல். பச்சை அட்டை, முதுகில் நான் சாக்குத்தையல் போட்டிருக்கிறேன். பாதிக் கதை யார் குடத்தை யார் தள்ளி வைத்தார்கள் என்பதுதான். அந்த ஆசிரியருக்கு நிலவைப் பற்றி எவ்வளவு தெரியுமோ எனக்குத் தெரியாது, குழாயடியைப் பற்றி முழுக்கத் தெரிந்திருக்கிறது. இருபத்திரண்டு பேர் ஒரே கூரைக்குக் கீழே அடைந்து கிடக்கப் போகிறீர்கள் என்று சொன்னாய். சண்டை பெரிய விஷயத்துக்கு வராது தாயி, குடத்துக்குத்தான் வரும். அந்த நாவலில் வரும் மூக்குத்தி போட்ட இஞ்சினியர் அம்மாவைப் பார்த்து வைத்துக்கொள். வரிசை மாறிப் போனவனைத் திட்டிவிட்டு, அவன் குடத்தையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு நடப்பாள்.

இரண்டாவது, வேற்றுக்கிரகத்துக்காரர்கள் தாலுகா ஆபீஸில் மனு எழுதிக்கொண்டு நிற்கும் கதை. அது ஒன்றும் மகத்தான நாவல் இல்லை. நடுவில் ஒரு காதல் வரும், அதைத் தாண்டிப் போய்விடு. ஆனால் மூன்று தலை உள்ள ஒருவரிடம் ரேஷன் கார்டுக்கு எத்தனை போட்டோ ஒட்டுவது என்று கிளார்க் தவிக்கும் இடத்தில் நான் எத்தனை முறை படித்தாலும் சிரித்துவிடுவேன். சூரியனே வராத மாதங்கள் அங்கே உண்டு என்றாய். அப்போது சிரிக்க ஒரு புத்தகம் கையில் இருக்க வேண்டும். மூன்றாவது, காற்றே இல்லாத கிரகத்தைப் பற்றிய சின்ன நாவல். அங்கே பிறந்தவர்களுக்குக் காற்று என்ற சொல்லே கிடையாது. பூமியிலிருந்து போன ஒரு பெண் அவர்களுக்குக் காற்று என்றால் என்ன என்று விளக்கப் பார்ப்பாள், முடியாது. இலை ஆடும், துணி பறக்கும் என்பாள். எதற்காக, யார் ஆட்டுகிறார்கள் என்று கேட்பார்கள். அதை நான் பதினைந்து முறையாவது படித்திருப்பேன். ஒரு காலத்தில் என்னால் வேறு எதையும் படிக்க முடியவில்லை. காற்று இல்லாத ஓர் இடம் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வதே ஆறுதலாக இருந்தது. காற்றை அளக்கிற கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போகிறவளுக்கு இதைக் கொடுப்பது வேடிக்கைதான். ஆனாலும் கொண்டுபோ.

நாலாவது இடத்தை நிரப்ப முடியாமல்தான் இந்த ஐந்து நாளும் போனது. உனக்கு எந்தப் புத்தகம் மனதில் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். நீலக் கல் பதித்த கதவு அட்டையில் இருக்கும், அதைத்தான் எதிர்பார்த்திருப்பாய். மிக வேகமாகப் போகும் கப்பலில் நேரம் மெதுவாக ஓடும், போனவர் அப்படியே இளமையாகத் திரும்பி வருவார் என்கிற கதை. அதைப் பற்றி நம் இருவருக்கும் இடையில் நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். ஆனால் உனக்கு அப்போது ஐந்து வயது. நான் பார்த்ததை நான் சொல்கிறேன்.

உன் அம்மா இறந்த ஆடி மாதத்தில் உனக்கு அம்மை போட்டிருந்தது. தேவாரத்தில் அத்தை வீட்டில் இருந்தாய். உன்னை எடுத்து வரவில்லை, அவளைக் காட்டவும் இல்லை. வேப்பிலை வாடையோடு நீ அங்கே படுத்திருக்கும்போது இங்கே எல்லாம் முடிந்துவிட்டது. தண்ணீர் ஊற்றி உன்னை அழைத்து வந்ததும், "அம்மா எங்க?" என்றாய். வீட்டில் இருந்த எல்லோரும், "சாமிகிட்டப் போயிருக்கா" என்றார்கள். "எப்ப வருவா?" என்றாய். எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். உன் கண் கடைசியில் என்னிடம் வந்து நின்றது. எனக்கு வேறு எதுவும் வாயில் வரவில்லை. "அம்மா ரொம்ப வேகமாப் போற கப்பல்ல போயிருக்கா தாயி. அங்க நேரம் மெதுவா ஓடும். நமக்கு ரொம்ப நாளாகும், அவளுக்குக் கொஞ்ச நாள்தான். வர்றப்போ அப்படியே இருப்பா, நீதான் பெரியவளா இருப்ப" என்று சொன்னேன். முடிக்காமல் வைத்திருந்த நாவலைத்தான் உன்னிடம் சொன்னேன். நீ அழவில்லை. அதனால் நான் சரியாகச் செய்துவிட்டதாகவே நினைத்தேன்.

பிறகு நீ சாப்பிடுவதைக் குறைத்தாய். அத்தை ஊட்டினால் வாயை மூடிக்கொள்வாய், தட்டில் பாதியை ஒதுக்குவாய். எலும்பும் தோலுமாக ஆனாய். போடியில் இரண்டு டாக்டர்களிடம் காட்டினோம். சத்து டானிக் கொடுத்தார்கள், அதையும் துப்பினாய். ஒருநாள் உன்னை ஜீப்பில் ஏற்றி மேலே தோட்டத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். கம்பவுண்டர் மாமா உன்னை எடை மேடையில் நிறுத்தினார். நீ முள்ளைப் பார்த்துவிட்டு, "கூடலையே?" என்று கேட்டாய். கூடவில்லை என்றதும் உன் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததை அவர் கவனித்துவிட்டார். என்னை வெளியே போகச் சொன்னார். கால் மணி நேரம் கழித்து வந்தவர் கண் சிவந்திருந்தது. "நீ எந்தாடா அந்தக் கொச்சுப் பிள்ளகிட்டச் சொல்லி வச்சிருக்க? வளந்துட்டா அம்மாவுக்கு அடையாளம் தெரியாதாம். அதுக்காக்கும் தின்னாம இருக்கு. நீ சொல்றியா, ஞான் சொல்லணுமா?" என்றார். அவர் என்னை அதட்டியது வாழ்க்கையில் அந்த ஒருமுறைதான்.

இறங்கும் வழியில் மெட்டில் டீக்கடைப் பக்கம் ஜீப்பை ஓரம் கட்டினேன். மதியம், வெயிலும் மேகமும் மாறி மாறி வந்துகொண்டிருந்தது. உன்னை மடியில் உட்காரவைத்துச் சொன்னேன். கப்பல் இல்லை, நேரம் மெதுவாக ஓடும் இடம் எதுவும் இல்லை, அம்மா மேலே மரக்கிளை விழுந்து செத்துப் போய்விட்டாள், இனி வர மாட்டாள் என்று சொன்னேன். ஒவ்வொரு வார்த்தையாக, நீ ஆமாம் என்று தலையாட்டிய பிறகு அடுத்ததைச் சொன்னேன். நீ வெகுநேரம் என் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாய். பிறகு, "அப்ப நான் வளரலாமாப்பா?" என்று கேட்டாய். வளரலாம் தாயி என்றேன். அந்தக் கடையில் இரண்டு தோசை தின்றாய். மூன்றாவதைப் பாதியில் வைத்துவிட்டு அழுதாய். இதையெல்லாம் நீ பெரியவளான பிறகு நாம் பேசியிருக்கிறோம், நீ சிரித்துக்கூட இருக்கிறாய். "எனக்கு ஒலகத்துல யாருக்கும் கெடைக்காத பொய்ய எங்கப்பா சொன்னாரு" என்று உன் சிநேகிதிகளிடம் சொன்னதை நானே கேட்டேன். நீ அதை மன்னித்துவிட்டாய் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கே, அந்தத் தோசைத் தட்டுக்கு முன்னால், இரண்டாவதாக ஒரு பொய்யும் சொன்னேன். அது உனக்குத் தெரியாது.

அழுகை ஓய்ந்ததும் நீ கேட்டாய், "மரம் விழும்னு யாருக்குமே முன்னாடித் தெரியாதாப்பா?" யாருக்கும் தெரியாது தாயி, காற்று சொல்லிவிட்டா வரும் என்றேன். நீ மெட்டுச் சரிவில் ஆடிக்கொண்டிருந்த புல்லையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு பள்ளிக்கூடத்தில், கல்லூரியில், காற்று எங்கே கிளம்புகிறது, முன்கூட்டி எப்படி அறிவது என்றே நீ படித்தாய். ஒவ்வொரு முறை நீ பரிசு வாங்கி வந்தபோதும் எனக்குப் பெருமையாக இருந்தது, பயமாகவும் இருந்தது. நான் சொன்ன பொய்யைச் சரிபார்க்கத்தான் நீ இத்தனை தூரம் படித்துப் போகிறாய் என்று எனக்குத் தோன்றும்.

உன் அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. இதுதான் நான் எழுத வேண்டியது.

அன்றைக்குக் காலையிலிருந்தே காற்று மாறி அடித்தது. தோட்டத்தில் நிழலுக்கு நிற்கும் பெரிய மரங்களில் அந்த வருடம் கிளைகளை வெட்டிக் கொப்பு கழிக்கவில்லை. இரண்டு மணி இருக்கும். இடுப்பில் கட்டிய சாக்கோடு அவள் ஜீப்புக்கு வந்தாள். "ஏங்க, காத்து சரியில்ல. மேல மரமெல்லாம் மொறமொறங்குது. இன்னைக்கு வெரசா எறங்கிருவோமா? நீங்க ஆரன் அடிச்சா எல்லாரும் வந்துருவாங்க" என்றாள். காற்று நாட்களில் எப்போது கிளம்புவது என்பது ஜீப்புக்காரன் முடிவுதான். மேஸ்திரி ஒன்றும் சொல்ல மாட்டார். நான் ஹாரனை ஒருமுறை அழுத்தினால் போதும். என் கையில் நீலக் கதவு போட்ட நாவல் இருந்தது. கப்பல் திரும்பி வந்துவிட்டது, தரையைத் தொடப்போகிறது, கீழே காத்திருப்பவர்கள் யார் என்று அடுத்த பக்கத்தில் தெரிந்துவிடும். நான் தலையைத் தூக்காமலே, "இன்னும் இருபது பக்கந்தான். முடிச்சிட்டுக் கெளம்பிருவோம்" என்றேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. சிரித்தாள். "சரி, படிச்சிட்டு நல்லாச் சொல்லணும். அதுக்குள்ள நாங்க அந்தக் கடைசி வரிசைய முடிச்சிர்றோம்" என்று சொல்லிவிட்டு ஏறிப் போனாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. சிரித்த சத்தத்தை மட்டும் கேட்டேன்.

ஏழெட்டுப் பக்கம் படித்திருப்பேன். சத்தம் கேட்டது. மற்றது உனக்குத் தெரியும். அவள் என்னிடம் வந்து கேட்டாள் என்பது அங்கே இருந்த பெண்கள் ஒருத்திக்கும் தெரியாது. "கொஞ்ச நேரத்துல கெளம்பிருவோம்" என்று மட்டும் அவர்களிடம் சொல்லியிருக்கிறாள். எல்லோரும் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு விதி என்று அழுதார்கள். நான் அதை மறுக்கவில்லை. அந்தப் புத்தகத்தின் மீதிப் பக்கங்களை இன்றுவரை நான் படிக்கவில்லை. படித்தால் அவளிடம் சொல்ல வேண்டும், சொல்ல அவள் இல்லை. உனக்கு நேரம் மெதுவாக ஓடும் கதையைச் சொன்னேனே, அது உன்னைத் தேற்றுவதற்கு என்று ஊரில் நினைத்தார்கள், நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். உண்மையில் அவள் திரும்பி வருவாள் என்று ஒரு ஆளாவது நம்பட்டும் என்று எனக்குத்தான் தேவைப்பட்டது. அந்தப் பாரத்தை ஐந்து வயதுக் குழந்தை தலையில் ஏற்றினேன். நீ சோற்றை நிறுத்தினாய்.

இதைக் கம்பவுண்டர் மாமாவிடம் மட்டும் பத்து வருடம் கழித்துச் சொன்னேன். நான் ஹாரன் அடித்திருந்தாலும் அவள் ஜீப்புக்கு வருகிற வழியில் மரம் விழுந்திருக்கலாம், யாருக்குத் தெரியும் என்று அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். இருக்கலாம். எனக்கு அது போதவில்லை. உனக்கு அந்தப் பனிக்குப் போக இடம் கிடைத்தது என்று தெரிந்ததும் மூணாறு பக்கம் மகன் வீட்டில் இருக்கும் அவரைப் போய்ப் பார்த்தேன். இப்போது காது சரியாகக் கேட்பதில்லை, கத்திப் பேச வேண்டியிருக்கிறது. நீ கப்பல் ஏறிய பிறகு உனக்கு எழுதலாம் என்று இருப்பதாகச் சொன்னேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "வேண்டா. போறதுக்கு முன்னாடி சொல்லு. அங்க ஐஸ்ல நின்னு அந்தக் கொச்சு யாரைத் திட்டும்? எந்தக் கதவ அடைச்சிட்டுப் போகும்? நீ பயந்து, ஓடி வர முடியாத எடத்துல அவள நிறுத்திட்டுச் சொல்லப் பாக்குற" என்றார். அவர் சொன்னது நிஜம். அதைத்தான் செய்யப் பார்த்தேன்.

அவரிடம் இன்னொன்றும் சொல்லி வைத்திருக்கிறேன், அத்தை மகனிடமும். நீ அங்கே இருக்கும்போது எனக்கு ஏதாவது ஆகிவிட்டால், உடம்பு சரியில்லை, ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று நாலு நாள் இழுக்கக் கூடாது. அன்றைக்கே, போனால் போய்விட்டார் என்றே உன்னிடம் சொல்ல வேண்டும். உன்னால் வர முடியாது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும், அதற்காக நீ உன்னை வருத்திக்கொள்ளக் கூடாது. "ஞான் முன்னாடி போயாலோ?" என்று கம்பவுண்டர் மாமா கேட்டார். நானே அவளுக்குச் சொல்கிறேன், முடிவை மாற்றாமல் சொல்கிறேன் என்றேன். இருவரும் சிரித்தோம்.

நாலாவது இடத்தில் உனக்கு விருப்பமான எதையாவது வைத்துக்கொள். அந்த நாவலை நான் அனுப்பவில்லை. மற்ற மூன்றையும் இந்தக் கடிதத்தோடு கட்டி நாளைக் காலை போடியில் கூரியரில் போடுகிறேன், மறுநாள் உனக்குக் கிடைத்துவிடும். அதற்குப் பிறகும் நீ கிளம்பப் பதினாறு நாள் இருக்கும். பெங்களூரில் சாயங்காலம் ஏறினால் காலையில் போடியில் இறங்கிவிடலாம். திட்ட வேண்டும் என்றால் வந்து திட்டு. ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போக வேண்டும் என்றாலும் வா. என் முகத்தைப் பார்க்கவே வேண்டாம் என்று தோன்றினால் வராதே, அதிலும் நியாயம் இருக்கிறது, நான் ஏன் என்று கேட்க மாட்டேன். போன் மட்டும் செய்யாதே, தாயி. போனில் நீ உடனே மன்னித்துவிடுவாய். எனக்கு உன்னைத் தெரியும்.

உன் அப்பா